உப்பளக் கரையில் ஒரு வக்கீலின் நினைவு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிப் பிரயாணம் செய்பவர்கள், மரக்காணத்தை அடைந்ததும் வண்டியின் வேகத்தைச் சற்றே குறைத்துக்கொள்வது நல்லது. கண்ணுக்கெட்டிய தூரம் சதுரம் சதுரமாகப் பாத்தி கட்டி, உப்புநீரைத் தேக்கி, சூரியன் ஒருவனையே நம்பி விளைவிக்கும் அந்த வெள்ளை வயல்களில், வெறுங்காலோடு நின்று பலகையால் உப்பை வாரிக் கரையேற்றும் ஆண்களையும் பெண்களையும் பார்க்காமல் கடந்துபோவது ஒரு பெரிய நஷ்டம். அவற்றின் அருகே, கடல்நீரும் மழைநீரும் கலந்து நிற்கும் கழுவேலி ஏரி. அது 2021ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இன்னும் தெற்கே வந்தால், சவுக்குத் தோப்புகளுக்கும் பனைகளுக்கும் நடுவே பெரிய முதலியார்சாவடி. ஆரோவில்லுக்குப் போகும் பாதை மேற்கே பிரிவதால் இந்தப் பெயரைப் பலரும் அறிவார்கள். ஆயினும் பெரும்பாலோர் அந்தத் திருப்பத்தோடு ஊரை மறந்துவிடுகிறார்கள். கிழக்கே செல்லும் சந்துகளில் நடந்தால் சிறிது தூரத்தில் சமுத்திரம். மணலில் படகுகளும் வலைகளும் கிடக்கின்றன.

அந்த மணலில் நின்றபோதுதான், ஒரு வக்கீலின் நினைவு எனக்கு வந்தது.

கடற்கரையைக் காப்பாற்ற வாதாடிய மகேஷ் சந்திர மேத்தா, கடலே இல்லாத ஜம்முப் பிரதேசத்தின் ரஜௌரி மலைப்பக்கத்தில் 1946இல் பிறந்தவர். தாஜ்மகாலைப் புகையிலிருந்தும், கங்கையைக் கழிவுநீரிலிருந்தும் மீட்க உச்ச நீதிமன்றத்தின் படியேறியவர் என்று வடநாட்டார் அவரைப் போற்றுவார்கள். நமக்கு அவரிடம் வேறொரு கடன் உண்டு. 1990களில் தமிழ்நாட்டின் கரையோரமெங்கும் இறால் பண்ணைகள் பெருகி, குடிநீர்க் கிணறுகள் உவர்த்து, நெல்வயல்கள் பாழாகி, மீனவர் கடலுக்கு இறங்கும் வழியும் அடைபட்டபோது, எண்பது வயதைக் கடந்த சர்வோதயத் தொண்டர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன் 1994இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அந்தக் காந்தியவாதிக்காக நியாயஸ்தலத்தில் நின்று பேசியவர் மேத்தா. பொன்னும் நெல்லும் கொடுப்பதையே தர்மம் என்று எண்ணிப் பழகிவிட்டோம்; கற்ற வித்தையையும் வாழ்நாளின் பெரும்பகுதியையும், முகமறியாத ஏழைகளின் கிணற்றுக்காகவும் வழிநடைக்காகவும் கொடுப்பதை அதனினும் உயர்ந்த தானம் என்றே நான் கருதுகிறேன்.

1996ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி, ஓய்வு பெறுவதற்குச் சில நாட்களே இருந்த நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் பாரம்பரிய முறையிலானவை நீங்கலாக இறால் பண்ணை எதுவும் அமைக்கலாகாது. இருப்பவற்றை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும். வேலையிழக்கும் தொழிலாளருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும். விளைநிலத்தையும், சதுப்புநிலக் காட்டையும், ஊர்ப் பொதுநிலத்தையும் இறால் குட்டையாக்கக் கூடாது என்று சொன்ன அந்த ஆணை, அதே வரிசையில் உப்பள நிலத்தையும் பெயர் சொல்லிக் காத்தது. மரக்காணத்துப் பாத்திகளைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, அந்த ஒரு சொல் கொடுத்த மகிழ்ச்சி கொஞ்சமன்று.

ஆனால் பண்ணைகளை இடிக்கும் ஆணை அடுத்த ஆண்டே நிறுத்தி வைக்கப்பட்டது. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், உரிமம் பெற்ற பண்ணைகளுக்கு வழி திறந்துவிட்டது. இது நியாயமென்று என்னால் ஒப்ப முடியவில்லை. குல்தீப் சிங் 2024 நவம்பரில் காலமானார். ஜெகந்நாதன் நூறு வயது நிறைவாழ்வு வாழ்ந்து 2013இல் மறைந்தார். மேத்தாவுக்கு 1997இல் மகசேசே விருது கிடைத்தது. தம் வழியில் செல்ல இளம் வக்கீல்களைப் பழக்குவதையும் அவர் தம் பணியாகக் கொண்டார்.

அத்தகைய வக்கீல்கள் இந்தக் கரைக்கு இன்னும் வேண்டும்; ஏனெனில் இங்கே கரையே அரிபட்டு வருகிறது. தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் அலைகள் மணலை வடக்கே சுமந்து வருவது இக்கடலின் நெடுநாள் வழக்கம். 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கற்சுவர்கள் அந்த மணலை வழிமறித்து நிறுத்திவிட, வடக்கேயுள்ள குப்பங்கள் தம் கரையை அலைக்கு இழக்கத் தொடங்கின. அதைத் தடுக்க ஓரிடத்தில் கல்லைக் கொட்டினால், அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்கிறது. கோட்டக்குப்பத்திலிருந்து வடக்கே நடந்தால் இதைக் கண்ணாரக் காணலாம்.

இப்பக்கம் வரும் நேயர்கள், ஆரோவில் திருப்பத்தில் உடனே மேற்கே திரும்பிவிடாமல், முதலில் கிழக்கே நடந்து, வலை உலரும் அந்த மணலில் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போகவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.