பள்ளியினின்று விலக்கிவைத்தல்
(நாயுடுபுரத்துப் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மலையூரில் ஒரு பையனைப் பத்து நாள் பள்ளியினின்று விலக்கிவைத்தால் அவன் எங்குச் செல்வான் என்பதை நீவிர் நன்கறிவீர். தந்தையார் கேரட்டுத் தோட்டத்தில் நாட்கூலி. தாயார் விடுதியிற் பணி. வீட்டில் அவனைக் காப்பார் யாருமிலர். ஏரிக்கரைக்குச் சென்று குதிரைக் கயிற்றைப் பிடிப்பான். மாலையிற் கையிற் சிறிது காசு சேரும். பதினோராம் நாள் அவனைப் பள்ளிக்கு அழைத்துவருதல் எளிதோ?

சட்டம் என் சொல்கின்றது? 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியுமளவும் எப்பிள்ளையையும் பள்ளியினின்று நீக்கலாகாது என்கின்றது. அடித்தலையும் மனத்தை வருத்துதலையும் அதன் 17ஆம் பிரிவு தடுக்கின்றது. ஆயின், சில நாள் விலக்கிவைத்தல் பற்றி அது வாய்திறக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பிற் கால்வைத்தவனுக்கு நீக்கத்தினின்றும் காவல் இல்லை. மீசை அரும்பும் அவ்வயதிலன்றோ வழக்கெல்லாம் எழுகின்றன! சிறுபான்மையினர் பள்ளிகளை இச்சட்டம் கட்டாது என 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவையன்றி, “நீங்களே சான்றிதழைப் பெற்றுக்கொள்ளுங்கள்” என்று பெற்றோரைக்கொண்டே எழுதி வாங்கும் வழியும் ஒன்றுண்டு. ஏட்டில் அது நீக்கமாகாது.

ஆசிரியரிடம் முறைகேடாக நடப்பவர் நிலையாக நீக்கப்பெறுவர் என்றும், காரணம் சான்றிதழிற் குறிக்கப்பெறும் என்றும் 2022 மே மாதத்தில் நம் பள்ளிக்கல்வி அமைச்சர் அறிவித்தார். யாமும் ஆசிரியரே. கரும்பலகையை நோக்கித் திரும்பி நிற்குங்கால் முதுகிற் சுண்ணக்கட்டி வந்து படுதல் எத்தகையதென்று எமக்குத் தெரியும். ஆசிரியர்க்கு மதிப்பும் காப்பும் வேண்டும். எனினும், அத்தகைய சான்றிதழோடு வரும் பிள்ளையை எந்தப் பள்ளி ஏற்கும்?

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பசு நகரில், விசாரணையின்றி விலக்கப்பெற்ற மாணாக்கர் வழக்குத் தொடுத்தனர். குற்றம் இன்னதெனக் கூறி, பிள்ளையின் மொழியையும் கேட்டல் வேண்டும் என 1975இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் விதித்தது. விலக்கு பத்து நாளேயாயினும் இவ்விதி பொருந்தும். லாசு ஏஞ்சலிசு நகரிற் பெற்றோரும் மாணாக்கரும் பல்லாண்டு முயன்றதன் பயனாக, கீழ்ப்படியாமை என்னும் காரணம் பற்றி எவரையும் விலக்குவதில்லை என 2013இல் அந்நகரக் கல்விக்குழு முடிவு செய்தது. எதிர்த்துப் பேசுதல், தொப்பியைக் கழற்ற மறுத்தல் முதலியனவெல்லாம் அதுகாறும் அப்பெயராலேயே தண்டிக்கப்பெற்று வந்தன.

நமக்கும் ஒரு வாயில் உண்டு. அரசுப் பள்ளிகளில் அமைந்துள்ள பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதியினர் பெண்டிர். குழாய், கழிப்பறை, சுற்றுச்சுவர் என்று பேசிக் கலைந்துவிடுகின்றோம், அவையும் வேண்டுவனவே. அவற்றோடு, விலக்குமுன் காரணத்தை எழுத்திற் தருக, பிள்ளையைப் பேசவிடுக, கூலி வேலைக்குச் செல்லும் தாய் தந்தையர் வரத்தக்க மாலை நேரத்தில் அழைக்க, விலக்கியே ஆகவேண்டுமெனின் பள்ளிக்குள்ளேயே தனியிடத்தில் இருத்திப் பாடம் தருக என்று கேட்டல் மிகையாகாது.

இவ்வாறு ஒரு விண்ணப்பம் எழுதி வந்துள்ளோம். வாயிலருகே மேசைமேல் உள்ளது. படித்துப் பார்த்து, உடன்படுவோர் கையொப்பமிடுக. எழுதப் படிக்க அறியாத தாய்மார்க்கு யாமே படித்துக் காட்டுவோம்.