கேள்வி கேட்கத் தெரிய வேண்டும்

(பெரம்பலூரிலும் அரியலூரிலும் நடந்த மாலைக் கூட்டங்களில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இங்கிலீஷில் கேள்வி கேட்பது எப்படி என்பதாகும். விளம்பரத் தாளில் இதைக் கண்டவுடன், "இவனுக்கும் இலக்கணத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். அவர்கள் சிரித்ததில் தப்பில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். மேற்கொண்டு படித்ததெல்லாம் படிப்பகத்திலும் பழைய புத்தகக் கடையிலுமே. ஆனாலும் இந்த விஷயத்தைப் பேச எனக்கு ஒரு யோக்கியதை உண்டு. அதாவது, ஒரு கேள்விக்கு இங்கிலீஷில் சரியாகப் பதில் சொல்லத் தெரியாமல் மூன்று மாதக் கூலியை இழந்தவன் நான்.

அந்தச் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சுமார் 20 வருஷத்திற்கு முன் நான் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை செய்தேன். கூலி மூன்று மாதமாக வரவில்லை. புகார் எழுதிக் கொடுத்தேன். விசாரிக்க வந்த அதிகாரி வடக்கேயிருந்து வந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி தெரியாது. ஆகவே இரண்டு பேருக்கும் நடுவில் இங்கிலீஷ் வந்து உட்கார்ந்தது.

அவர் என்னைப் பார்த்து, "டிட்ன்ட் யூ கெட் யுவர் வேஜஸ்?" என்றார். அதாவது, "உனக்குக் கூலி வரவில்லையா?" என்று கேட்டார். நாம் தமிழில் என்ன சொல்லுவோம்? "ஆமாம் ஐயா, வரவில்லை" என்போம். நானும் அந்த "ஆமாம்" என்பதை அப்படியே "எஸ் சார்" என்றேன். இங்கிலீஷில் "எஸ்" என்றால் வந்துவிட்டது என்று அர்த்தம்! அவர் கூலி பெற்றுக்கொண்டதாக எழுதிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. "வாட் யூ ரோட் சார்?" என்று கேட்டேன். பக்கத்திலிருந்த குமாஸ்தா சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு உடம்பு குன்றிப் போயிற்று. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தோழர்களே! இதில் ஒரு வேடிக்கை உண்டு. அது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கிற்று. நான் உள்ளே நுழைந்தபோது அந்த அதிகாரி, "வை யூ ஆர் ஸ்டாண்டிங்?" என்று கேட்டார். அதுவும் தப்பான இங்கிலீஷ்தான்! என் தப்பும் அவர் தப்பும் ஒரே ஜாதித் தப்பு. ஆனால் அவர் தப்புக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஏன்? அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நான் நின்றுகொண்டிருந்தேன். ஆகவே அங்கே சிரிக்கப்பட்டது இலக்கணப் பிழை அல்ல. ஏழையின் நிலைமைதான் என்பதை நீங்கள் யோசித்துப் பாருங்கள்.

இனி அந்தத் தப்பு ஏன் வருகிறது என்பதைக் கவனிப்போம். அது புத்திக் குறைவால் வருவதல்ல. தாய்மொழிப் பழக்கத்தால் வருவது. தமிழில் "நீ வருகிறாய்" என்பதன் கடைசியில் ஓர் "ஆ" சேர்த்தால் "நீ வருகிறாயா?" என்று கேள்வியாகிவிடும். சொற்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆ, ஏ, ஓ என்ற மூன்றையும் வினா எழுத்துக்கள் என்று தொல்காப்பியமே சொல்லுகிறது. இந்தியிலோ, "தும் ஜா ரஹே ஹோ" என்பதற்கு முன்னால் "க்யா" என்ற ஒரு சொல்லை வைத்துவிட்டால் கேள்வி தீர்ந்தது. அங்கும் சொற்கள் இடம் மாறுவதில்லை. "எங்கே" என்று கேட்க வேண்டுமானால் நாம் "நீ எங்கே போகிறாய்?" என்கிறோம், அவர்கள் "தும் கஹாங் ஜா ரஹே ஹோ?" என்கிறார்கள். இரண்டும் ஒரே வரிசைதான். ஆகவே நாமும் "வேர் யூ ஆர் கோயிங்?" என்கிறோம், அவர்களும் அப்படியே சொல்லுகிறார்கள்.

இங்கிலீஷில் மட்டும் சொற்கள் இடம் மாற வேண்டும். "யூ ஆர் கமிங்" என்பது செய்தி. "ஆர் யூ கமிங்?" என்பது கேள்வி. துணைவினை முன்னே வர வேண்டும். எழுவாய் அதன் பின்னே போக வேண்டும். இதுதான் முதல் விதி. வேர், வை, வாட் முதலிய சொற்கள் வந்தால் அவை எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கும். ஆனால் இடமாற்றம் அப்போதும் உண்டு: "வேர் ஆர் யூ கோயிங்?" "வை ஆர் யூ ஸ்டாண்டிங்?"

துணைவினையே இல்லாத வாக்கியமானால் என்ன செய்வது? "யூ நோ ஹிம்" என்பதில் முன்னே தள்ள ஒன்றுமில்லை. அதற்காக டூ, டஸ், டிட் என்ற ஆட்களைக் கூலிக்குக் கூப்பிடுகிறார்கள். "டூ யூ நோ ஹிம்?" "டஸ் ஹீ ஒர்க் ஹியர்?" "டிட் யூ கோ?" இங்கே நம்மவர்கள் "டிட் யூ வென்ட்?" என்பார்கள். "டிட்" என்பவன் இறந்தகாலம் என்ற மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டான். பின்னால் வருபவன் வெறுங்கையோடு "கோ" என்று வந்தால் போதும். ஒரே மூட்டையை இரண்டு பேர் தலையில் ஏற்றுவானேன்? ஆகவே நான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியது "வாட் டிட் யூ ரைட்?" என்பதே.

ஆனால் செய்தவன் யார் என்றே கேட்கும்போது இந்த ஆள் வேண்டியதில்லை. "ஹூ ரோட் திஸ்?" என்றால் போதும். கேள்விக்குள் கேள்வி வந்தாலும் இடமாற்றம் கூடாது. "டெல் மீ வேர் இஸ் தி ஆபீஸ்" என்பது தப்பு. "டெல் மீ வேர் தி ஆபீஸ் இஸ்" என்பதே சரி.

கடைசியாக, என் கூலியைத் தின்ற விதி. "இல்லையா?" என்று கேட்டால் தமிழன் கேட்டவனுடைய சொல்லுக்குப் பதில் சொல்லுகிறான். இங்கிலீஷ்காரன் நடந்த விஷயத்துக்குப் பதில் சொல்லுகிறான். பணம் வரவில்லையானால், எப்படிக் கேட்டாலும் "நோ" என்றுதான் சொல்ல வேண்டும். வெறும் "நோ"வோடு நிறுத்தாமல் "நோ, ஐ டிட்ன்ட்" என்று முழுதும் சொல்லுங்கள். அப்போது எழுதுகிறவர் பேனா தவறாது.

இவ்வளவுதான் சங்கதி. இதை வைத்துக்கொண்டுதான் பெரிய வித்தை போல் நம்மைப் பயப்படுத்துகிறார்கள். இந்த விதிகள் ஆகாயத்திலிருந்து விழுந்தவையும் அல்ல. ஷேக்ஸ்பியர் 1616இல் இறந்தார். அவர் காலத்தில் "நோ யூ ஹிம்?" என்றும் கேட்டார்கள், "டூ யூ நோ ஹிம்?" என்றும் கேட்டார்கள். பிறகு ஒன்று நின்றது, மற்றொன்று வழக்கொழிந்தது. மனிதன் உண்டாக்கி, மனிதன் மாற்றிய பழக்கத்தை மனிதன் கற்றுக்கொள்ள முடியாதா?

"அதிகாரியிடம் பேச மட்டுமா கேள்வி?" என்பீர்கள். அல்ல. நம் பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூருக்குப் போய்ப் பாருங்கள். 18 மீட்டருக்கு மேல் நீளமான ஒரு மரம் கல்லாய்க் கிடக்கிறது. 1940இல் நிலநூல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார். அதற்கு வயது சுமார் 12 கோடி வருஷம். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் கடல் சிப்பிகள் கிடைக்கின்றன. யாரோ ஒரு முனிவரின் சாபம் என்று சொல்லிவிட்டால் அத்தோடு புத்தி தூங்கிவிடும். "ஹௌ டிட் தி ட்ரீ டர்ன் இன்டு ஸ்டோன்?" "ஹௌ டிட் தி ஸீ கம் ஹியர்?" என்று கேட்டவர்களுக்குத்தான், ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்பதும், புதைந்த மரத்தில் கனிமச் சத்து ஊறி அது கல்லாயிற்று என்பதும் விளங்கின. இந்த ஊரைப் பற்றிய ஆராய்ச்சியைப் பெரும்பாலும் இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கவும், படித்தவரை மடக்கிக் கேட்கவும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

இன்னொன்றும் சொல்லுகிறேன். இந்தியைத் திணிக்கக்கூடாது என்பதற்காக நம் கீழப்பழுவூர் சின்னச்சாமி 1964 ஜனவரி 25இல் திருச்சியில் தன் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டு மாண்டார். உயிரை விடும் வழியை நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். உயிரோடிருந்து வாதாடுவதே என் கட்சி. 1965இல் பெருங்கிளர்ச்சி நடந்தது. 1967இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி இங்கிலீஷ் நீடிக்க வகை செய்தார்கள். 1968இல் தமிழ்நாடு சட்டசபை தமிழும் இங்கிலீஷும் போதும் என்று தீர்மானித்தது. இவ்வளவு விலை கொடுத்து நிறுத்திக்கொண்ட இங்கிலீஷில் "என்ன எழுதினாய்?" என்று கேட்க நமக்கு நாக்கு எழவில்லையானால் அது யாருக்கு லாபம்?

இன்று சிமெண்ட் ஆலைகளுக்கும் கட்டிட வேலைக்கும் பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் தொழிலாளிகள் வருகிறார்கள். அவர்களும் "வென் யூ வில் கிவ் மணி?" என்றுதான் கேட்கிறார்கள். அதைக் கேட்டு நீங்கள் சிரிக்காதீர்கள். என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. "வென் வில் யூ கிவ் மணி?" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள். அவன் கூலியும் நம் கூலியும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன.

முடிவாக ஒன்று. இலக்கணம் முழுதும் தெரிந்த பிறகுதான் வாயைத் திறப்பது என்று காத்திருக்காதீர்கள். விதியைக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு வாரம் போதும். அதுவரைக்கும் தப்பாகவாவது கேளுங்கள். எவன் சிரித்தாலும் இரண்டாந்தரம் கேளுங்கள். பதில் விளங்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். அன்றைக்கு நான் இலக்கணப் பிழையால் இழந்தது பாதிதான். சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டதால்தான் மீதியையும் இழந்தேன். அந்த இரண்டாவது தப்பை நீங்கள் ஒருவரும் செய்யக்கூடாது என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.