பெர்ரியும் ஒரு பாலமே!



"கம்ப்யூட்டர் நம்ம பிள்ளைக்கு எதுக்கு வாத்தியாரே?" என்று சில தகப்பனார்கள் கேட்பதுண்டு. கணினி மன்றப் பிள்ளைகள் போட்ட ஒரு கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஊர்களைப் புள்ளிகளாகவும் வழிகளைக் கோடுகளாகவும் வரைந்தால் அது வலைப்படம். கோடுகளில் பல ரகம். ஜார்ஜ் டவுனில் எத்தனையோ தெருக்கள் ஒருவழி; மற்றவை இருவழி. இவை பார்த்ததுமே தெரியும். பார்த்ததும் தெரியாத ரகம் ஒன்றுண்டு. அந்தக் கோடு அறுந்தால் படமே இரண்டு துண்டாகிவிடும். கணிதத்தில் அதற்குப் 'பாலம்' என்றே பெயர். குழப்பம் வராதிருக்க, நாம் கணக்குப் பாலம் என்போம்.

வேடிக்கையைப் பாருங்கள். 1985-க்கு முன் காரோ லாரியோ தீவுக்குப் போக பெர்ரியை விட்டால் வழியில்லை. ஆகவே அன்று பெர்ரிதான் கணக்குப் பாலம்! 1985-ல் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம் திறந்ததும் இரண்டுமே கணக்குப் பாலம் இல்லை. ஒன்று நின்றால் மற்றொன்று உண்டே! 2021 தொடக்கத்தில் பெர்ரி கார் ஏற்றுவதை நிறுத்தியது. 2014-ல் பத்து காவானிலிருந்து பத்து மாவுங்குக்கு இரண்டாம் பாலம் வந்திராவிட்டால், கார்க்காரர் கதி என்ன?

கணினி இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அமெரிக்க அறிஞர் ராபர்ட் டார்ஜன் 1974-ல் ஒரு முறை சொன்னார். போகிற ஊருக்கெல்லாம் வரிசையாக எண் போட வேண்டும். ஜார்ஜ் டவுன் 1, பெர்ரி ஏறி பட்டர்வொர்த் 2, பிறை 3, பாலம் கடந்து குளுகோர் 4. அங்கிருந்து ரோடு மறுபடி 1-க்கே வருகிறது. எண் போட்ட ஊருக்குத் திரும்பும் கோடு 'திரும்பு கோடு'. புது ஊருக்குப் போன கோடு 'மரக்கோடு'. ஒரு மரக்கோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குத் திரும்பு கோடே இல்லையென்றால் அதுதான் கணக்குப் பாலம். பைத்தான் மொழியில், 'நெட்வொர்க்எக்ஸ்' என்ற இலவசத் தொகுப்பிலுள்ள 'பிரிட்ஜஸ்' என்ற செயற்கூறு இந்தக் கோடுகளை நொடியில் எடுத்துக் கொடுக்கும்.

பிள்ளைகள் நம் தோட்டத்தையும் வரைந்தார்கள். லயம், கோயில், பள்ளி, பெரிய ரோடு. ஓடைமேல் போகும் மண்பாதை ஒன்றுதான் கணக்குப் பாலம் என்று வந்தது. பெருமழையில் அது மூழ்கினால் பஸ் வராது, நோயாளியை வெளியே கொண்டுபோக முடியாது. "இது தெரிஞ்சதுதானே!" என்பீர்கள். தெரிந்ததுதான். ஆனால் செம்பனைக்குள் புதர் மண்டிக் கிடக்கும் பழைய டிராக்டர் பாதையையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு கணக்குப் பாலமும் மிச்சமில்லை!

அந்தப் படம் வாசல் மேசைமேல் இருக்கிறது. அதோடு, பழைய பாதையைத் திறந்துவிடக் கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிய கடிதமும் இருக்கிறது. பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.