இறையும் இறைவனும்

(பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



சொல்லின் வேரைத் தோண்டினால் மெய்ப்பொருள் கிட்டும் என்பார் நம் நாட்டிலே பலர் உளர். 'கடவுள்' என்ற சொல்லை எடுப்பர். 'கட', 'உள்' எனப் பிரிப்பர். "அனைத்தையும் கடந்தவன், அனைத்தின் உள்ளும் உறைபவன்! சொல்லிலேயே தத்துவத்தை வைத்தான் தமிழன்!" என்று பூரிப்பர். கேட்க இனிமைதான், கைதட்டவும் தோன்றும். ஆனால் இலக்கணம் என்ன கூறுகிறது? செய்யுள், விக்குள் என்ற சொற்களிலும் அதே 'உள்' இருக்கிறது. அது பெயரை ஆக்கும் விகுதி. விக்குளின் உள்ளே உறைபவன் எவன்?

கேலிக்காகக் கேட்கவில்லை, தோழர்களே! நாம் விரும்பும் பொருளை நாமே சொல்லுக்குள் புகுத்திவிட்டு, அங்கே கண்டெடுத்ததாகக் கூறுவது ஆராய்ச்சி ஆகாது. நம் மேடைகளுக்கும் இது பொருந்தும்.

அப்படியானால் சொல்லின் வரலாறு நமக்கு எதைத்தான் காட்டுகிறது? குறளைப் புரட்டுங்கள். முதல் அதிகாரத்திலே இறைவன் என்றால் கடவுள். 39ஆம் அதிகாரமாகிய இறைமாட்சி பேசுவதோ அரசனின் சிறப்பை! 74ஆம் அதிகாரமாகிய 'நாடு' என்பதிலே, ஒரே குறளில், அரசன் இறைவன். அவனுக்குக் குடிகள் செலுத்தும் வரி இறை. கோயில் என்பது கோவின் இல். சிலப்பதிகாரத்துக் கண்ணகி நீதி கேட்டு நுழைந்த கோயில், பாண்டியனின் அரண்மனை. ஆண்டவன் என்ற சொல்லுக்கோ விளக்கமே வேண்டாம்.

இன்னொன்று கேளுங்கள். 'இறையிலி' என்ற சொல் இன்றைய காதுக்கு நாத்திகன் என்று ஒலிக்கும். சோழர் காலக் கல்வெட்டுகளிலோ அது வரி நீக்கப்பட்ட நிலம். கோயிலுக்கும் பிராமணர்க்கும் விடப்பட்ட நிலங்கள் இறையிலி ஆயின! ஆண்டவனின் நிலத்துக்கு வரியில்லை. ஏரோட்டியவனின் நிலத்துக்கு உண்டு. அந்த ஒரு சொல்லிலே ஒரு காலத்தின் பொருளாதாரமே பொதிந்து கிடக்கிறது.

ஆக, சொற்களின் தோற்றம் வானுலகின் வரைபடம் அன்று, மண்ணுலகின் வரலாறு. எளிய குடிமகன் கண்ட பேராற்றல் அரசன். அந்த அளவுகோலைக் கொண்டே காணாத பேராற்றலையும் அளந்தான். அரண்மனைச் சொற்கள் ஆலயத்துக்குக் குடியேறின.

குடியேறிய சொல் திரும்பியும் வரும். பெரியார் 1925இல் தொடங்கிய ஏட்டின் பெயர் 'குடி அரசு'. 1950 சனவரி 26இல் இந்தியா குடியரசாயிற்று. அதன் அரசியல் சட்டம் மன்னன் பெயராலும் தொடங்கவில்லை, கடவுள் பெயராலும் தொடங்கவில்லை. மக்களின் பெயரால் தொடங்குகிறது. இறையாண்மை என்கிறோமே, அந்த இறை இன்று குடிமக்களே! இறை கொடுத்தவன் இறை ஆனான். இதைவிடப் பெரிய தத்துவத்தை எந்தச் சொல்லாராய்ச்சி தரும்?

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அரண்மனையினின்று ஆலயத்துக்குச் சென்ற சொற்களை, கட்சி அலுவலகத்துக்குக் கொண்டு வராதீர்கள். தலைவரைத் தெய்வம் என்று சுவரொட்டியில் அச்சிடும் கை, அறிந்தோ அறியாமலோ, குடிமகனை மீண்டும் அடியவனாக்குகிறது. தலைவரைத் தலைவர் என்றே அழையுங்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு சிறப்பு உண்டு: தலைவரிடம் கணக்குக் கேட்கலாம், தெய்வத்திடம் கேட்க முடியாது.