ஊருக்குப் போகும் பையில் ஒரு மாத்திரைப் பட்டை



மே மாதம் வந்தால் மும்பை தாராவியில் எத்தனையோ தமிழ் வீடுகள் பூட்டிக் கிடக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு, ஊரில் கோயில் கொடை. நாகர்கோவில் எக்ஸ்பிரஸுக்கு மாதக்கணக்கில் காத்திருந்து டிக்கெட் எடுத்துவிட்டு, சனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சித்திக்குச் சேலை, பெரியப்பாவுக்குக் கைக்கடிகாரம், வழிக்குப் புளியோதரை என்று அம்மா ஒவ்வொன்றாக எண்ணி எண்ணிப் பையில் வைப்பாள்.

ஒரு வருஷம் ஒரே ஒரு பொருள் மட்டும் பையில் ஏறவில்லை. சாமி படத்துக்குக் கீழே பலகையில் இருந்த அப்பாவின் பிரஷர் மாத்திரைப் பட்டை. மறந்து போனதல்ல. அம்மா கையில் எடுத்தாள். அப்பாதான் தடுத்தார். "நார்மலா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாருல்லா, பிறகு எதுக்குளா மாத்திரை?" என்றார்.

கொடை முடிந்த மூன்றாம் நாள் காலையில் அப்பா தண்ணீர் குடிக்கச் செம்பை எடுத்தார். செம்பு கையில் நிற்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. அதன்பின் ஒன்பது வருஷம் உயிரோடு இருந்தார். ஆனால் தோல் ஷாப்பில் இருபத்தைந்து வருஷம் உழைத்த அந்த வலது கை, தன் சட்டைப் பொத்தானைக்கூடப் போடவில்லை. தாராவிக்குத் திரும்பி வந்து பூட்டைத் திறந்தபோது, பட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. மூன்று குழி காலி, ஏழு மாத்திரை மிச்சம்.

அப்பா பொறுப்பில்லாதவர் அல்ல. டாக்டர் சொன்ன ஒரு சொல்லை அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டார், அவ்வளவுதான். இன்றைக்கும் நம் ஆட்கள் ஆயிரக்கணக்கானோர் அப்படியேதான் புரிந்துகொள்கிறார்கள். அதனால்தான் இந்தப் பேச்சு.

காய்ச்சலுக்கு மாத்திரை போடுகிறோம், காய்ச்சல் விட்டதும் நிறுத்துகிறோம். அது சரி. இரத்தக் கொதிப்பு அந்த வகையைச் சேர்ந்ததல்ல. 160 இருந்த அளவு 128க்கு வந்தால், நோய் போய்விட்டது என்று பொருளில்லை. மாத்திரை தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். அதை நிறுத்தினால் அளவு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே ஏறும். இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. நம்மில் பலருக்கும் எழுதித் தரப்படும் அம்லோடிபின் என்ற மாத்திரை உடம்பில் பல நாள் தங்கும். அதனால் நிறுத்திய மறுநாள் ஒன்றும் தெரியாது, அதற்கடுத்த நாளும் தெரியாது. "பார்த்தியா, ஒண்ணும் ஆகலையே" என்று மனசு தைரியம் சொல்லும். வேறு சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் குபீரென்று எகிறும். எதையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

தலை சுற்றினால்தான் பிரஷர், கிறுகிறுத்தால்தான் பிரஷர் என்று நினைக்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. மேல் அளவு 140, கீழ் அளவு 90, இதில் ஏதாவது ஒன்று வெவ்வேறு நாட்களில் பார்த்தும் எட்டியோ தாண்டியோ நின்றால் அது இரத்தக் கொதிப்பு. 2021இல் மாநகராட்சியும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து மும்பையில் ஒரு கணக்கெடுப்பு நடத்தின. 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 34 சதவீதம் பேருக்குக் கொதிப்பு இருந்தது. மூன்று பேரில் ஒருவர். உங்கள் சால் குடியிருப்பில் எத்தனை கதவு என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த நோய்க்கு மருந்தே இல்லாத காலம் ஒன்று இருந்தது. இதே நோய் இருந்த அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரலில் மூளையில் இரத்தக் குழாய் வெடித்து இறந்தார். உலகத்திலேயே பெரிய பதவியில் இருந்தவருக்குக் கொடுக்க, இன்று நம் மெடிக்கலில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மாத்திரை அன்று எந்த டாக்டரிடமும் இல்லை.

அந்த இருட்டில் முதல் விளக்குகளில் ஒன்று ஏற்றப்பட்டது நம் பம்பாயில்தான். ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற பார்சி இருதய மருத்துவர், சர்ப்பகந்தி வேரை இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்து, அளவுகளை ஒழுங்காகக் குறித்துவைத்து, 1949இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் என்ற மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். நாட்டு வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த வேர் அது. உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது இவர் எழுதிய பிறகுதான். 1957இல் அவருக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. பிறகு அந்த வேரிலிருந்து எடுத்த மருந்து சிலருக்கு மனச்சோர்வைக் கொண்டுவருகிறது என்று தெரிந்தது, இன்னும் நல்ல மருந்துகளும் வந்தன. எனவே வேரைத் தேடிப் போகாதீர்கள். ஆனால் மாத்திரை என்றாலே நம் மண்ணுக்கு ஒட்டாதது என்று யாராவது சொன்னால், இந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பயம், "மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால் கிட்னி போய்விடும்" என்பது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். சிறுநீரகத்தைக் கெடுப்பது அடக்காமல் விட்ட கொதிப்பு. சில மாத்திரைகளுக்கு இடையிடையே இரத்தம் பரிசோதிக்கச் சொல்வார்கள், அதைச் செய்துகொள்ள வேண்டும். உண்மையில் பயப்பட வேண்டியது, மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் நாமே வாங்கிப் போடும் வலி மாத்திரைகளுக்கு. அவை அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்றித் தருவார்கள். அம்லோடிபினில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், எனலாபிரிலில் வறட்டு இருமல் வரும். "கால் வீங்குது டாக்டர்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். பேசாமல் நிறுத்திவிடாதீர்கள்.

இனி உப்பு. அப்பாவின் தோல் ஷாப்புக்குச் சின்ன வயதில் சோறு கொண்டு போவேன். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன்மேல் கல்லுப்பைக் கொட்டி வைத்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தோலுக்கு அடியில் தண்ணீர் ஓடும். உப்பு தண்ணீரை விடாது, தன் பக்கம் இழுக்கும். நம் இரத்தத்திலும் அதே குணம்தான். உப்பு கூடினால் குழாய்களுக்குள் தண்ணீர் சேரும், அழுத்தம் ஏறும். கொதிப்பு மாத்திரைகளில் ஒரு வகை, சிறுநீர் வழியாக அந்த உப்பையும் நீரையும் வெளியேற்றத்தான் கொடுக்கப்படுகிறது. மாத்திரை வெளியே தள்ளத் தள்ள, நாம் கருவாட்டை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தால் என்ன பயன்?

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலை தட்டிய ஒரு டீஸ்பூன். சமையலில் போடும் உப்பு, தின்பண்டத்து உப்பு எல்லாம் சேர்த்து. நம் வீடுகளில் உப்பு சாம்பாரில் மட்டும் இல்லை. மாட்டுங்கா கடைகளில் நாம் ஆசையாக வாங்கி வரும் அப்பளம், வடு மாங்காய், மோர் மிளகாய், வத்தல் எல்லாம் உப்பில் ஊறியவை. அப்பளத்தில் போடும் அப்பளக்காரமும் சோடியம்தான், பஜ்ஜி மாவில் போடும் சோடா உப்பும் சோடியம்தான். தினமும் அப்பளம் என்பதை வெள்ளிக்கிழமை அப்பளம் என்று மாற்றுங்கள். ஊறுகாய் பாட்டிலைச் சாப்பிடும் இடத்திலிருந்து தூக்கி உள்ளே வையுங்கள். கறிக்குழம்பில் உப்பை ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் சண்டை வரும், வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

இந்துப்புக்கு மாறிவிட்டோம், இனிக் கவலை இல்லை என்று செம்பூரில் ஒரு மாமி என்னிடம் சொன்னார். இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். நிறம்தான் வேறு. கடையில் சோடியம் குறைத்துப் பொட்டாசியம் கலந்த உப்பு ஒன்று கிடைக்கிறது. சீனக் கிராமங்களில் அதைப் பயன்படுத்திப் பார்த்த பெரிய ஆய்வில் பக்கவாதம் குறைந்தது, 2021இல் முடிவு வந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், எனலாபிரில், டெல்மிசார்டன் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

சோறுதான் குற்றவாளி என்று பலர் நினைக்கிறார்கள். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு அது வேறு கதை. கொதிப்பைப் பொறுத்தவரை, 1940களில் அமெரிக்காவில் வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர் மருந்தே இல்லாமல் நோயாளிகளுக்குச் சோறும் பழமும் கொடுத்துத்தான் அழுத்தத்தைக் குறைத்தார். அந்தச் சோற்றில் உப்பு இல்லை, அதுதான் சூட்சுமம். பின்னால் 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், காய், பழம், கொழுப்பு குறைந்த பால் பொருள் மிகுந்த சாப்பாடு, கொதிப்பு உள்ளவர்களுக்கு மேல் அளவை 11 புள்ளி வரை இறக்கியது. கீரை, வாழைத்தண்டு, முருங்கைக்காய், மோர் எல்லாம் நம் பாட்டி சமைத்தவைதானே. உப்பு போடாத மோரைச் சொல்கிறேன். ஆனால் சாப்பாடு மாத்திரைக்குத் துணை. சாப்பாட்டை மாற்றிவிட்டேன் என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

அளவு பார்க்கப் போகும்போது ஓடிப்போய்க் கையை நீட்டாதீர்கள். அரை மணிக்கு முன்னால் டீ, பீடி, புகையிலை வேண்டாம். முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் வைத்து ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். பிறகு இரண்டு முறை பாருங்கள்.

வேலைக்குப் போகிறோம், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க நேரமில்லை என்பார்கள். அதற்காகத்தான் 2022இல் மாநகராட்சி 'ஆப்லா தவாகானா' மருத்துவமனைகளைத் தொடங்கி இரவு 10 மணி வரை திறந்து வைத்தது. பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் காசு கிடையாது.

இந்த மே மாதமும் சனங்கள் ரயில் ஏறுவார்கள். அம்மாமாரே, அக்காமாரே, பையைக் கட்டுகிறவர்கள் நீங்கள்தான். சேலையும் கடிகாரமும் வைப்பதற்கு முன்னால், சாமி படத்துக்குக் கீழே ஒரு முறை பாருங்கள். ஊரில் தங்கும் நாட்களுக்கு எத்தனை மாத்திரையோ அத்தனையும், ரயில் தாமதமானால் வேண்டும் என்று இன்னும் ஒரு பட்டையும் எடுத்து, பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். வேண்டாம் என்று யார் சொன்னாலும் வையுங்கள்.