முதலில் எர்த்தைப் பாரு



பழைய மோட்டார் சைக்கிளில் லைட் எரியவில்லை, ஹார்ன் முனகுகிறது, இண்டிகேட்டர் தாறுமாறாக மினுக்குகிறது என்றால் கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்கிற வித்தையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். பல்பு மாற்ற யாராலும் முடியும். குற்றம் பல்பின் மேல் இல்லை என்பதை ஒரு திருகாணியையும் கழற்றாமல் தெரிந்துகொள்ள, அந்த வேலையில் ஊறியவரால்தான் முடியும். அதனால் இதை வித்தை என்றே சொல்கிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இந்த வித்தை மிகவும் வேண்டியிருக்கிறது. தோவாளைச் சந்தைக்கு விடியும் முன்னே பூ கொண்டுபோகிறவர், குலசேகரம் பக்கம் இருட்டோடு ரப்பர் பால் வெட்டப் போகிறவர், குளச்சலில் மீன் எடுத்துப் பெட்டியில் ஐஸ் போட்டு ஊர் ஊராக விற்கிறவர் என்று பலருக்கும் பிழைப்பு செகண்ட்ஹேண்ட் வண்டியில்தான் ஓடுகிறது. அதிகாலையில் அவர்கள் நம்புவது அந்த ஒற்றை விளக்கை. ஆனால் ஒயரை இவ்வளவு படுத்துகிற ஊரும் வேறு அதிகம் கிடையாது. தென்மேற்குப் பருவமழையும் இங்கே பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல் என்று கரையோரம் முழுக்க உப்புக்காற்று. ஈரமும் உப்பும் சேர்ந்தால் செம்புக் கம்பியில் களிம்பு ஏறாமல் இருக்குமா? 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்துப் போன பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ரோட்டில் மரம் கிடக்கிறதா, போஸ்ட் சாய்ந்து கிடக்கிறதா என்று பார்க்க அந்த இரவுகளில் வண்டி வெளிச்சத்தை விட்டால் வேறு என்ன இருந்தது?

பழைய வண்டி வாங்கியவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அதில் கரண்ட் எங்கிருந்து எங்கே போகிறது என்பது. 1994-ல் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் இன்னும் நம் ரோடுகளில் ஓடுகிறது. அந்தக் காலத்து ஸ்பிளெண்டரில் ஹெட்லைட்டுக்குப் பாட்டரியோடு சம்பந்தம் கிடையாது. இன்ஜின் சுற்றும்போது மேக்னட் காயிலில் பிறக்கிற கரண்ட் நேரே லைட்டுக்குப் போகும். ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் பாட்டரியில் வேலை செய்பவை. ஆகவே சாவி போட்ட உடனே ஹெட்லைட் எரியவில்லையே என்று பதற வேண்டாம். ஐடிலில் மங்கலாகவும் ஆக்சிலேட்டரை முறுக்கினால் பளிச்சென்றும் எரிவது அந்த வண்டியின் சுபாவம். லைட் நன்றாக எரிந்து, ஹார்ன் மட்டும் சுரத்தில்லாமல் அடித்தால் பாட்டரிப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். பாட்டரி செத்திருந்தாலும் கிக்கரில் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஏனென்றால் பிளக்குக்குப் போகிற கரண்டும் மேக்னட்டிலிருந்துதான் வருகிறது. எது எரிகிறது, எது எரியவில்லை என்று பார்த்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும். நல்ல எலக்ட்ரீஷியன் கையை வைப்பதற்கு முன் இரண்டு நிமிடம் சும்மா நின்று பார்ப்பது இதற்காகத்தான்.

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மீன் பெட்டி கட்டிய ஸ்பிளெண்டர் ஒன்று வந்து நின்றது. வண்டிக்காரர் சலித்துப்போயிருந்தார். "அண்ணாச்சி, பிளாஷர் மாத்தியாச்சு, பல்பும் மாத்தியாச்சு. வலத்த போட்டா இடதும் சேந்துல்லா மினுக்குது. பிரேக்க சவுட்டுனா நாலு இண்டிகேட்டரும் லேசா எரியுது" என்றார். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "இதுக்கு முன்னால ஒயர யாராவது வெட்டுனாவளா?" இல்லை என்றதும் சாவியைப் போடச் சொன்னார், பிரேக்கை மிதிக்கச் சொன்னார், பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார். பிரேக் லைட் சரியாக எரியவில்லை, ஆனால் இண்டிகேட்டர்களில் மட்டும் மினுமினுப்பு. கூட நின்ற பையன் ஸ்விட்சைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். "லேய் மக்கா, அத வச்சிரு. மொதல்ல எர்த்தப் பாரு" என்றார் அவர்.

ஒரு துண்டு ஒயரை எடுத்து ஒரு முனையைப் பாட்டரி நெகட்டிவில் பிடித்தார். மறுமுனையை டெயில் லாம்பின் எர்த்தில் தொட்டார். அந்த நொடியே எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. வலது போட்டால் வலது மட்டும், பிரேக் மிதித்தால் பிரேக் லைட் மட்டும். ஒயரை எடுத்தார், பழைய கூத்து திரும்ப ஆரம்பித்தது. தொட்டார், நின்றது. பிறகு பின் மட்கார்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவி ஒரு சின்ன வளையத்தை வெளியே எடுத்துக் காட்டினார். பச்சை ஒயரின் நுனியில் இருக்கிற எர்த் வளையம். மீன் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி அதில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. வளையம் போல்ட்டோடு இருந்தது, ஆனால் உலோகம் உலோகத்தைத் தொடவில்லை. உப்புத்தாள் போட்டு மட்கார்டில் பெயிண்ட் போகத் தேய்த்து, புது வளையம் அமுக்கி, ஈயம் வைத்து, கிரீஸ் தடவி முறுக்கினார். வேலை முடிந்தது.

இதில் நடந்தது என்ன? பல்புக்குப் போன கரண்ட் எர்த் வழியாகப் பாட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்த வழி அடைபட்டதும் அது பக்கத்து இண்டிகேட்டர் பல்பின் இழைக்குள் நுழைந்து, முன் இண்டிகேட்டர் வரைக்கும் போய், அங்கே கிடைத்த நல்ல எர்த்தில் இறங்குகிறது. போகிற வழியில் உள்ள பல்புகளெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எரிகின்றன. சம்பந்தமில்லாத இரண்டு விளக்குகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஆரம்பித்தால், ஸ்விட்சையும் பிளாஷரையும் விட்டுவிட்டு எர்த்தைப் பார்க்க வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் மங்கலான அந்த மினுக்கலைக் கண்டதும் கை தானாக மட்கார்டுக்கு அடியில் போவது பழக்கத்தில்தான் வரும்.

ஒயரின் நிறம் இன்னொரு பாடம். ஹோண்டா வழி வந்த வண்டிகளில் பச்சைதான் எர்த். கறுப்பு, சாவி போட்டதும் கரண்ட் வருகிற ஒயர். யமஹாவில் கறுப்பு எர்த், சாவி போட்டால் உயிர் வருவது பழுப்பு ஒயரில். ஆர்.எக்ஸ். 100 பார்த்துப் பழகிய கை, ஸ்பிளெண்டரில் கறுப்பு ஒயரை எர்த் என்று நினைத்து ஃபிரேமில் தொட்டால் ஃபியூஸ் போய்விடும். ஹோண்டாவில் வலது இண்டிகேட்டருக்கு வெளிர் நீலம், இடதுக்கு ஆரஞ்சு, டெயில் லைட்டுக்குப் பழுப்பு. இந்த நிறங்களெல்லாம் மனப்பாடமாக இருக்கிறவர் ஹெட்லைட் டூமைத் திறந்து, உள்ளே அடைந்து கிடக்கிற ஒயர்களைப் பார்த்தாலே, முன்னால் வேலை செய்தவர் எங்கே தப்பு பண்ணினார் என்று சொல்லிவிடுவார். செகண்ட்ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிறவர்களும் இதையே செய்யலாம். சீட்டைத் தூக்கி, சைடு கவரைக் கழற்றிப் பாருங்கள். கம்பெனி நிறத்தில் இல்லாத துண்டு ஒயர்கள், பிசுபிசுத்த புது டேப், ஃபியூஸுக்குப் பதிலாக முறுக்கி வைத்த கம்பி, இவை இருந்தால் விலையை யோசியுங்கள். நம்பர் பிளேட்டில் 74 என்றால் நாகர்கோவில், 75 என்றால் மார்த்தாண்டம். அந்த வண்டி இத்தனை வருடம் கடற்கரையில் நின்றதா, மலையடிவாரத்தில் நின்றதா என்பதை நம்பர் சொல்லாது, ஒயர் சொல்லும்.

அடுத்தது மங்கல். எரியாத லைட்டைவிட மங்கலாக எரிகிற லைட் ஆபத்து, ஏனென்றால் ஓட்டுகிறவர் அதற்குப் பழகிப்போகிறார். பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்தும் வாய்க்காலில் தூர் அடைத்துக் கிடந்தால் கடைமடை வயல் காய்வதை நாஞ்சில் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம். வண்டியிலும் அப்படியே நடக்கிறது. 12 வோல்ட்டில் 35 வாட் பல்பு ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். களிம்பு பிடித்த ஒரு கனெக்டரில் அரை ஓம் தடை சேர்ந்தால் போதும், பல்புக்குப் போய்ச் சேர்வது சுமார் 10.7 வோல்ட். ஒன்றேகால் வோல்ட்தானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் இழை பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் பல மடங்கு வேகமாக விழும். அந்த அரை ஓம் உங்கள் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். கனெக்டரைத் துடைப்பதற்குப் பதிலாக 90 வாட், 100 வாட் பல்பு வாங்கி மாட்டுகிறார்கள். வாட் ஏறினால் ஆம்பியரும் ஏறும். 35 வாட்டுக்கென்று கணக்குப் பார்த்துப் போட்ட ஒயரும் ஸ்விட்சும் சூடாகி, ஹோல்டர் உருகுகிறது. அந்தச் சின்ன மேக்னட் காயிலால் அவ்வளவு கரண்ட் கொடுக்கவும் முடியாது. பெரிய பல்பை மாட்டித் தருகிற கடையை நான் நல்ல கடை என்று சொல்ல மாட்டேன். மல்டிமீட்டரை எடுத்து கரண்ட் புறப்படுகிற இடத்தில் எத்தனை வோல்ட், பல்பு ஹோல்டரில் எத்தனை வோல்ட் என்று பார்த்து, நடுவில் எங்கே குறைகிறது என்று தேடுகிறவரே இந்த வித்தை கைவந்தவர். அதே மீட்டரில் சார்ஜையும் பார்த்துவிடலாம். நின்ற வண்டியில் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலேட்டர் கொடுத்தால் 14 வோல்ட் ஒட்டி வர வேண்டும். 15-ஐத் தாண்டினால், சார்ஜைக் கட்டுப்படுத்துகிற ஆர்.ஆர். யூனிட் போய்விட்டது. பல்பு அடிக்கடி பியூஸ் ஆவதும் பாட்டரி கொதிப்பதும் அதனால்தான்.

பழைய புல்லட்காரர்களுக்கு மீட்டர் வண்டியிலேயே இருந்தது. 1955 முதல் சென்னையில் உருவான அந்த வண்டியின் தலையில் ஒரு சின்ன ஆம்பியர் மீட்டர் வைத்திருப்பார்கள். சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல இறக்கினால், பாயின்ட் மூடும்போது முள் இறக்கத்துக்குச் சாயும், பாயின்ட் திறக்கும்போது நடுவுக்கு வரும். முள் நடுவுக்கு வரும் இடம் பார்த்து உதைத்துத்தான் ஸ்டார்ட் செய்வார்கள். கிக்கரை இறக்கும்போது முள் அசையவே இல்லை என்றால் பாயின்ட் அழுக்கு, அல்லது பாட்டரியிலிருந்து கரண்ட் வரவில்லை. சாய்ந்த முள் நடுவுக்குத் திரும்பவே இல்லை என்றால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ ஷார்ட். அந்த முள்ளைப் பார்த்து வளர்ந்தவர்கள் கரண்டின் போக்கை மனதில் காணப் பழகினார்கள். நம் பக்கத்து மூத்த எலக்ட்ரீஷியன்கள் பலருடைய நிதானத்துக்கு அந்தப் பழக்கம் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது வந்திருக்கிற வண்டிகள் வேறு மாதிரி. 2017 ஏப்ரல் 1 முதல் புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க ஸ்விட்சே கிடையாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. பாட்டரி படுத்தால் இன்ஜெக்‌ஷனும் படுத்துவிடும். ஸ்கேனர் மாட்டினால் எந்த சென்சாரில் குறை என்று எழுத்தில் காட்டுகிறது. காட்டியதும் சென்சாரை மாற்றுகிறார்கள். அந்த சென்சாருக்குப் போகிற ஒயர், ஹேண்டில் திரும்பும் கழுத்தில் மடிந்து மடிந்து உறைக்குள்ளே அறுந்திருக்கலாம். எலி கடித்திருக்கலாம். எர்த் வளையம் பூத்திருக்கலாம். ஸ்கேனர் அதுவரைக்கும் போகாது, மனிதன்தான் போக வேண்டும். கோணம் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து வெளியே வருகிற பிள்ளைகள் ஸ்கேனரோடு ஒரு துண்டு ஒயரையும் டெஸ்ட் லாம்பையும் கையில் எடுக்கப் பழகினால் நம் மாவட்டத்துக்கு நல்லது.

ஆனால் அவர்கள் ஏன் பழக வேண்டும்? சாமான் மாற்றினால் காசு கிடைக்கிறது. தேடிக் கண்டுபிடித்தால் கிடைப்பதில்லை. "ஒண்ணுமே மாத்தல்லியே, ஒரு ஒயரத்தான தொட்டீரு, அதுக்கா இவ்வளவு?" என்று நாம்தான் கேட்கிறோம். தக்கலைக் கடையில் அந்த மீன்காரரும் அதைத்தான் கேட்டார். அதற்கு முன் போன இடத்தில் வேண்டாத பிளாஷருக்கும் பல்புகளுக்கும் மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்தவர் அவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாடுபட்டுச் சம்பாதிக்கிறவர், கையில் ஒரு பொருள் வந்தால் கொடுத்த காசுக்குக் கணக்கு இருக்கிறது என்று நினைக்கிறார். இருந்தாலும் அந்தப் பழக்கம்தான் தேடத் தெரிந்தவர்களையும் சாமான் மாற்றுகிறவர்களாக ஆக்குகிறது. தேடியதற்குக் கூலி கிடைக்காத கடையில் பையன் எர்த்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ள மாட்டான், பிளாஷரை விற்கக் கற்றுக்கொள்வான்.

அடுத்த முறை வண்டியைக் கொண்டுபோகும்போது "கரண்ட் பிராப்ளம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். மழையில் நனைந்த பிறகு வருகிறதா, ஹேண்டிலைத் திருப்பும்போது வருகிறதா, பள்ளத்தில் இறங்கும்போது ஒரு நொடி அணைந்து எரிகிறதா, பிரேக் மிதித்தால் வேறு எந்த விளக்கு அசைகிறது என்று கண்டதையெல்லாம் சொல்லுங்கள். பார்த்துச் சொல்ல என்ன கூலி என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு சாமானும் மாற்றாமல் வண்டி சரியானாலும், பேசிய கூலியை முழுதாகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.