உலோகம் ஒருவருக்கு, நஞ்சு ஊராருக்கா?



குப்பையெனக் கொட்டுவதிலே கொள்ளை உலோகம் உறங்குகிறது என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும்!

பழைய இரும்பை மின்உலையிலே உருக்குகின்றனர். துருப்பிடியாதிருக்க அதன் மேனியிலே பூசிய துத்தநாகம், 907 டிகிரி செல்சியசிலேயே ஆவியாகிறது. புகையோடு பறந்து புழுதியாய்ப் படிகிறது. ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ புழுதி! அதனைக் கரியோடு கலந்து, சுழலும் நீண்ட உலையிலே 1200 டிகிரியளவில் வாட்டினால், துத்தநாகம் மீண்டும் ஆவியாகிக் காற்றுப்பட்டுப் பொடியாய்க் கைக்கு வருகிறது. வேல்சு முறை என்பர் இதனை.

அறிவியலின் அருஞ்செயல்தான்! ஆனால், துத்தநாகம் தனியே வருவதில்லை. காரீயமும் காட்மியமும் கைகோத்து வருகின்றன.

காட்மியம் என்ன செய்யும்? ஜப்பான் நாட்டு ஜின்சு ஆற்றைக் கேளுங்கள். மலையிலே காமியோகா சுரங்கம். துத்தநாகம் எடுத்தார்கள், கழிவை ஆற்றிலே விட்டார்கள். ஆற்றுநீர் வயலுக்கு வந்தது. வயலின் நஞ்சு நெல்லுக்கு வந்தது. நெல்லின் நஞ்சு சோற்றுக்கு வந்தது. எலும்பு நொறுங்கிய தாய்மார்கள் "இத்தாய், இத்தாய்" என்று கதறினார்கள். வலிக்கிறதே, வலிக்கிறதே என்பது அதன் பொருள். அந்தக் கதறலே நோயின் பெயராயிற்று! காட்மியமே காரணம் என்று 1968இல்தான் அரசு ஒப்பியது.

அது ஜப்பான், நமக்கென்ன என்கிறீர்களா? நம் நாட்டிலே துத்தநாகச் சாம்பலைக் கந்தக அமிலத்திலே கரைத்து, வயலுக்கு இடும் துத்தநாக சல்பேட்டு செய்கிறார்கள். நெற்பயிர் துத்தநாகம் கேட்கிறது, காட்மியம் கேட்கவில்லை! அந்த உரத்தில் காரீயம் 0.003, காட்மியம் 0.0025 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்கிறது 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை. ஏட்டிலே எல்லை இருக்கிறது. மூட்டையிலே இருப்பதை உழவன் எப்படி அறிவான்? நாக்கிலே வைத்தா பார்ப்பான்?

மீட்புத் தொழிலே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். கழிவிலே கிடைப்பதைக் கழிவிலேயே எடுத்தால், மலையைத் தோண்டுவது குறையுமே! ஆனால் உலோகம் உரிமையாளருக்கு, எச்சம் ஏழைக்கு என்பது எந்த ஊர் நீதி?

கேட்போம்: ஒவ்வொரு உர மூட்டைக்கும் சோதனைச் சீட்டு! உலையடியில் நிற்கும் தொழிலாளிக்கு முகக்காப்பும் இரத்தச் சோதனையும்! எஞ்சிய நஞ்சுக்கு, நிலத்தடி நீரைத் தீண்டாத காப்புக் கிடங்கு! அதற்கான செலவு, ஆதாயம் பெறுவோருடையது!

புழுதியிலிருந்து உலோகத்தைப் பிரிக்கத் தெரிந்த அறிவுக்கு, சோற்றிலே நஞ்சு சேராமல் காக்கவும் தெரியும். காக்கச் செய்யவேண்டியவர்கள் நாம்!